கையெழுத்திடும் முன் ரெவல்யூஷன் சாஃப்ட்வேரின் வரலாற்றைப் படியுங்கள்

மென்பொருளும் வீடியோ கேமும் உருவாக்கும் சிறு நிறுவனங்களின் ஒப்பந்தங்களைக் கையெழுத்தாகும் முன் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது முன்பணத்தைப் பற்றித்தான். விளையாட்டின் உரிமை யாரிடம் இருக்கும் என்று சொல்லும் பத்தியைப் பலர் படித்திருப்பதே இல்லை. அவர்களிடம் சட்டப் பிரிவுகளைப் பேசத் தொடங்குமுன், இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்து இயங்கும் ரெவல்யூஷன் சாஃப்ட்வேரின் கதையைச் சொல்வது என் வழக்கம்.

சார்லஸ் செசில், டோனி வாரினர், டேவிட் சைக்ஸ், நொய்ரின் கார்மடி ஆகிய நால்வரும் சேர்ந்து 1990ஐ ஒட்டி ஹல் நகரில் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களுடைய முதல் விளையாட்டான 'லூர் ஆஃப் தி டெம்ப்ட்ரஸ்' உருவாகிக்கொண்டிருந்தபோதே, அவர்களை ஆதரித்த மிரர்சாஃப்ட் என்ற வெளியீட்டு நிறுவனம் சரிந்தது. அதன் உரிமையாளர் ராபர்ட் மேக்ஸ்வெல் 1991 நவம்பரில் கடலில் இறந்தபின் அவருடைய வணிகக் குழுமமே கடனில் மூழ்கியதுதான் காரணம். விளையாட்டு அந்தச் சரிவில் சிக்கிக்கொள்ளாமல் 1992இல் விர்ஜின் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. வெளியீட்டு நிறுவனம் நொடித்துப்போனால், அதன் பெயரில் எழுதிக்கொடுக்கப்பட்ட உரிமைகளும் கடன்காரர்களுக்காக விற்கப்படும் சொத்துப் பட்டியலில் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே, எந்தெந்தச் சூழலில் உரிமை உருவாக்கியவரிடமே திரும்பும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கும்படி நான் வற்புறுத்துகிறேன்.

1994இல் ஓவியர் டேவ் கிப்பன்ஸின் கைவண்ணத்தோடு 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' வந்தது. 1996இல் 'புரோக்கன் ஸ்வார்ட்' வந்தது. பாரிஸ் நகரத்துக் காபிக்கடை ஒன்றில் குண்டு வெடிப்பதில் தொடங்கி, ஜார்ஜ் என்ற அமெரிக்கச் சுற்றுலாப் பயணியும் நிக்கோ என்ற பத்திரிகையாளரும் இடைக்கால ஐரோப்பாவின் டெம்ப்ளர் வீரர்களின் மர்மத்தைத் தேடிப் போகும் அந்தக் கதை, கையால் வரைந்த பின்புலங்களாலும் பாரிங்டன் ஃபெலூங்கின் இசையாலும் இன்றும் நினைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டே இரண்டாம் பாகம் வந்தது. அதற்குள் சந்தை முப்பரிமாணத்தின் பக்கம் திரும்பிவிட்டதால், தட்டையான ஓவியங்களில் சொடுக்கி விளையாடும் சாகசக் கதைகளுக்குப் பணம் போட வெளியீட்டு நிறுவனங்கள் தயங்கின. 2003இல் வந்த மூன்றாம் பாகம் முப்பரிமாணத்தில்தான் உருவானது. அந்த விளையாட்டில் வெளியீட்டாளர் லாபம் பார்த்தபோதும் உருவாக்கிய தங்களுக்கு நட்டமே மிஞ்சியது என்று செசில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

ஒரே விளையாட்டில் ஒருவர் லாபமும் மற்றவர் நட்டமும் காண்பது எப்படி என்று என்னிடம் கேட்காதவர் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பணம் 1 கோடி ரூபாய், ராயல்டி வெளியீட்டாளருக்கு வந்துசேரும் தொகையில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் என்பது வரவிருக்கும் ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்ளப்படும் தொகை. எனவே வெளியீட்டாளர் கைக்கு 5 கோடி வந்த பிறகுதான் உங்களுக்கு அடுத்த ரூபாய் வரும். அந்த 5 கோடியில் 1 கோடியை உங்களுக்குக் கொடுத்தது போக 4 கோடி அவரிடம் இருக்கும். விளம்பரம், தயாரிப்பு, வினியோகம் ஆகியவற்றுக்கு அவர் 2 கோடி செலவழித்திருந்தால்கூட 2 கோடி லாபம். நீங்களோ வேலை இழுத்துக்கொண்டே போனதால் 1 கோடியே 20 லட்சம் செலவழித்திருந்தால், 20 லட்சம் கடனோடு நிற்பீர்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒப்பந்தம் சொன்னபடியே எல்லாம் நடந்திருக்கிறது, அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

நான்காம் பாகத்தை 2006இல் சுமோ டிஜிட்டல் என்ற இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கும் அளவுக்கு ரெவல்யூஷன் சுருங்கியிருந்தது. ஆனாலும் பழைய விளையாட்டுகளின் உரிமை அதன் கையில் இருந்தது. அந்த உரிமை இருந்ததால்தான் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'யின் மூல நிரலை, பழைய சாகச விளையாட்டுகளைப் புதிய கணினிகளிலும் இயங்கச் செய்யும் ஸ்கம்விஎம் குழுவினரிடம் கொடுத்து, 2003இல் அதை எல்லோருக்கும் இலவசமாக்க முடிந்தது. 'புரோக்கன் ஸ்வார்ட்' முதல் பாகத்தை விரிவாக்கி 2009இல் நின்டெண்டோ கருவிகளுக்கும், அடுத்த ஆண்டு ஐபோனுக்கும் கொண்டுவர முடிந்ததும் அதனால்தான். ஆப்பிளின் கடையில் விற்பனைத் தொகையில் 70 சதவீதம் உருவாக்கியவருக்கே போய்ச் சேர்ந்தது. பெட்டியில் அடைத்துக் கடைகளில் விற்ற காலத்துப் பங்கை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளங்கும். 2012இல் ஐந்தாம் பாகத்துக்காக, பொதுமக்களிடம் நிதி திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் 4 லட்சம் டாலர் கேட்டார்கள், 7.7 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. விளையாட்டு மீண்டும் தட்டையான ஓவியங்களுக்கே திரும்பியது.

என்னிடம் வந்த ஒரு சிறு குழுவின் நிலை வேறாக இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வெளியான தங்கள் விளையாட்டைக் கைபேசிக்குக் கொண்டுவர விரும்பினார்கள், அதைக் கேட்டு எழுதும் ரசிகர்களும் இருந்தார்கள். ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால், எல்லாக் கருவிகளுக்கும், எல்லா நாடுகளுக்கும், எல்லாக் காலத்துக்கும் உரிமையை மாற்றித் தந்திருந்தார்கள். உரிமையை மாற்றித் தருவது நிலத்தைக் கிரயம் செய்துகொடுப்பதைப் போன்றது. உரிமம் தருவது குத்தகைக்கு விடுவதைப் போன்றது. இந்த வேறுபாட்டை அன்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உரிமையைத் திரும்ப வாங்க அவர்களிடம் பணமும் இல்லை.

உரிமை கையில் இருக்கிறது என்று நம்புகிறவர்களும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாக உருவாக்கியவை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சேரும். வெளியிலிருந்து கூலிக்கு வரைந்து தருபவரின் ஓவியமோ, இசையமைத்துத் தருபவரின் இசையோ பொதுவாக அவருக்கே உரியது, அவர் கையெழுத்திட்டு எழுதித் தந்தால்தான் அது நிறுவனத்துக்கு மாறும். ஆட்குறைப்புக்குப் பின் வெளியாட்களை நம்பியே விளையாட்டை முடிக்கும் நிறுவனங்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகின்றன. அதனால் புதிதாக ஒருவர் என்னிடம் வரும்போது, வெளியீட்டாளரின் ஒப்பந்தத்தைத் திறப்பதற்கு முன்பே, ஓவியரும் இசையமைப்பாளரும் எழுதித் தந்த தாள்களைக் கொண்டுவரச் சொல்கிறேன்.