பங்குனி வெயிலில் கொல்லைக்குள் போனால் மனசு ஏன் லேசாகிறது?

பங்குனி பாதி தாண்டிவிட்டால் திருச்சியில் காலை 8 மணிக்கே தரை சுட ஆரம்பித்துவிடும். மழையைப் பார்த்து மூன்று மாதம் ஆகியிருக்கும், கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும், தெருவில் நாய்கூட நிழல் தேடிப் படுத்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக் கொல்லை வருடத்திலேயே அழகாக இருப்பது இந்த நாட்களில்தான். ஒரு வேப்ப மரம், இரண்டு குண்டுமல்லிச் செடி, ஒரு முருங்கை, சுவரோரமாக ஐந்தாறு கத்தரி, அவ்வளவுதான் கொல்லை. காலையில் வாளியோடு அதற்குள் நுழைந்து அரை மணி நேரம் கழித்து வெளியே வரும்போது, நுழைந்த ஆளும் வெளியே வரும் ஆளும் ஒன்றில்லை என்று எனக்குத் தோன்றும். இது ஏன் என்று தேடிப் படித்ததைத்தான் எழுதுகிறேன். பாதி விடை செடிகளிடம் இருக்கிறது, மீதி நம் தலைக்குள்.

முதலில் வேம்பு. மாசியில் இலையெல்லாம் மஞ்சளித்துக் கொட்டிவிடும். கூட்டி முடியாது, அவ்வளவு சருகு. அப்புறம் ஒரு சொட்டு மழைகூட இல்லாமல், கொளுத்துகிற வெயிலில், செம்பு நிறத்தில் தளிர் விட்டு, பின்னாலேயே பூவும் பூக்கும். தண்ணீரே இல்லாத நேரத்தில் இதற்கு எங்கிருந்து தண்ணீர்? விஷயம் அந்தச் சருகில்தான் இருக்கிறது. மரம் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியாக ஆவியாகி வெளியேறிவிடுகிறது. பழைய இலைகளை உதிர்த்துவிட்டால் அந்தச் செலவு நின்றுபோகும். ஆழத்தில் போயிருக்கும் வேர் மட்டும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்க, தண்டில் தண்ணீர் சேர்ந்து, மொட்டு விரிவதற்கான அழுத்தம் கிடைக்கிறது. வரவு குறைந்த மாதத்தில் செலவை நிறுத்திச் சேமித்து, அதை வைத்துப் புதுத்துணி எடுக்கிற குடும்பம் போல.

சரி, நேரம் வந்துவிட்டது என்று மரத்துக்கு யார் சொல்வது? திருச்சியில் மார்கழியின் மிகக் குட்டையான பகலுக்கும் ஆனியின் மிக நீளமான பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒண்ணேகால் மணி நேரம்தான். நமக்கு அது தெரிவதுகூட இல்லை. ஆனால் வறண்ட வெப்பமண்டலக் காடுகளில் பல மரங்கள், பகல் அரை மணி நேரத்துக்கும் குறைவாக நீண்டாலே அதை உணர்ந்து, மழைக்குக் காத்திராமல் துளிர்விடுகின்றன என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பனி உருகிய பிறகு வருவதுதான் வசந்தம் என்று பாடப்புத்தகப் படங்கள் நம் மனதில் பதிய வைத்துவிட்டன. நம்முடைய இளவேனில் வெயிலின் நடுவில் வருவது, வருஷப் பிறப்பன்று பச்சடியில் போட வேப்பம்பூவையும் கையோடு கொண்டு வருவது.

தளிர் ஏன் சிவப்பு? வேம்பு, மா, அரசு எல்லாவற்றிலும் பார்க்கலாம். பிஞ்சு இலையில் பச்சையம் முழுதாகத் தயாராகியிருக்காது, அந்த நேரத்தில் அதிக வெயில் பட்டால் கெட்டுப்போகும். அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி அதற்கு ஒரு திரை மாதிரி நிற்கிறது. பூச்சிகளின் கண்ணில் படாமல் இருக்கவும் அது உதவுகிறது என்று சொல்பவர்களும் உண்டு.

மல்லிக்கு வருவோம். கார்த்திகையில் மல்லியைக் கவாத்து பண்ண வேண்டும், இடுப்புக்கும் கீழே வெட்டிவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னபோது முதல் வருடம் எனக்கு மனசு வரவில்லை. நன்றாகப் பச்சையாக நிற்கிற செடியை எப்படி வெட்டுவது? வெட்டவில்லை, பூவும் பெரிதாக வரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கிளையின் நுனி மொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும், அது பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். நுனியை வெட்டினால் அந்தத் தடை விலகிப் பக்கமெல்லாம் புதுக்கிளை வெடிக்கும். மல்லி பூப்பது புதுக்கிளையில்தான். அதனால்தான் கார்த்திகையில் வெட்டினால் பங்குனியில் முழம் முழமாகப் பூ.

அந்தப் பூவும் சாமானியமானதில்லை. காலையில் அம்மா பறிக்கும்போது வெறும் மொட்டு, வாசனை கொஞ்சம்தான். ஈரத்துணியில் சுற்றி வைத்து, மதியம் தொடுத்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு முழுக்க மணக்கும். செடியிலிருந்து பிரிந்து பத்து மணி நேரம் ஆன மொட்டு எப்படி மலர்கிறது? இதழின் செல்களில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து இருக்கிறது. சர்க்கரை செறிவாக இருக்கிற இடத்துக்குத் தண்ணீர் தானாக இழுபடும், செல்கள் உப்பும், இதழ் விரியும். கூடவே லினலூல், பென்சைல் அசிடேட் போன்ற எளிதில் ஆவியாகும் பொருட்கள் வெளிவரும், அந்தக் கலவையைத்தான் மல்லி வாசனை என்கிறோம். வெள்ளை நிறம், இரவு மணம் இரண்டுமே அந்திப்பூச்சிகளைக் கூப்பிடுகிற பூக்களின் அடையாளம், இருட்டில் நிறம் எதற்கு, வாசனைதானே வழி காட்டும். பறித்த பிறகும் உள்ளிருக்கும் கடிகாரத்தை மறக்காமல் மாலையில் மலர்கிற மொட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

தண்ணீர் ஊற்றும்போது வருகிற மண் வாசனையையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த மண்ணில் வாளித் தண்ணீர் விழுந்ததும் எழுகிற அந்த மணத்துக்கு, 1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் ஊரில் அதற்கு வெகு முன்பிருந்தே அதே வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தராக விற்றுவந்தார்கள் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. அந்த மணத்தில் முக்கியமான பொருள் ஜியோஸ்மின். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன, காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்த அதே குடும்பம். லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பாக்டீரியா நமக்காக மணக்கவில்லை. மண்ணில் குதித்துத் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற குட்டி உயிர்கள் அந்த வாசனைக்கு வந்து, அதன் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு வேறு இடத்துக்குச் சுமந்து போகின்றன என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காலுக்குக் கீழே இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தபின் மண்ணை மிதிக்கவே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

இனி கத்தரி. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

போன வருடம் கத்தரி நிறையப் பூத்தது, பாதிக்கு மேல் உதிர்ந்தது. உரம் போதவில்லையோ, தண்ணீர் அதிகமோ என்று மாற்றி மாற்றிக் கவலைப்பட்டேன். பிறகு உதிர்ந்த பூக்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கத்தரிப் பூவின் நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு இருக்குமே, அதுதான் மகரந்தப் பைகள். அதன் நடுவே சூல்தண்டு. சில பூக்களில் சூல்தண்டு கூம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் உள்ளேயே குட்டையாக நின்றுவிடும். குட்டையானவை காய்ப்பதில்லை. ஒரே செடியில் இரண்டு வகையும் பூக்கும், அது கத்தரியின் இயல்பு. என் கவலையில் ஒரு பகுதி அங்கேயே தீர்ந்தது.

மீதிப் பகுதி இன்னும் அழகானது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை முழுதாகப் பிளந்து தூள் வெளியே வந்துவிடும். கத்தரியில் அப்படி இல்லை. அந்தப் பையின் நுனியில் சின்னத் துளை மட்டும்தான், மூடியில் ஓட்டை போட்ட மிளகுத்தூள் டப்பா மாதிரி. உலுக்கினால்தான் விழும். உலுக்கத் தெரிந்த ஆள் வர வேண்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்தவை கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும். காலையில் அவை வந்து பூவைக் கால்களால் கட்டிப் பிடித்து, தாடையால் கவ்விக்கொண்டு, இறக்கையை விரிக்காமலேயே பறக்கும் தசையை மட்டும் அதிர வைக்கும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டும். கொஞ்சம் அதற்குச் சாப்பாடு, கொஞ்சம் சூல்முடிக்கு. பக்கத்தில் நின்றால் காதில் கேட்கும், பறக்கும்போது இருக்கிற ரீங்காரம் பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று சுருதி ஏறும். ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றவன்தான், வாளி நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

கருவண்டு கூடு கட்டுவது காய்ந்த மரத்தில் துளை போட்டு. எங்கள் முருங்கையின் பட்ட கிளை ஒன்றை வெட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் வட்டமாக ஒரு துளை இருந்தது. வெட்டவில்லை.

செடிகளின் பக்கம் இவ்வளவு. நம் பக்கம் என்ன நடக்கிறது? 1984-இல் ரோஜர் உல்ரிக் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், 23 பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மாத்திரையும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் மருத்துவமனைகளில் தோட்டம் வைக்கும் எண்ணத்துக்கு அது வலு கொடுத்தது. நெதர்லாந்தில் 2011-இல் வெளியான இன்னொரு ஆய்வில், தோட்டம் வைத்திருக்கும் 30 பேருக்கு முதலில் மனதைக் கசக்குகிற ஒரு வேலை கொடுத்தார்கள். பிறகு பாதிப்பேர் அரை மணி நேரம் தோட்ட வேலை, பாதிப்பேர் உள்ளே உட்கார்ந்து வாசிப்பு. கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இரு தரப்புக்கும் இறங்கியது, தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாக. உற்சாகம் முழுதாகத் திரும்பியதும் அவர்களுக்குத்தான்.

மூளை செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்பாராமல் கிடைக்கிற நல்லதுக்கு மூளையின் டோபமைன் செல்கள் பலமாகத் துடிக்கின்றன, வழக்கமாகக் கிடைப்பதற்கு அவ்வளவாக இல்லை என்று நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில் கண்டார். கொல்லையில் எதுவுமே நேற்றைப் போல இன்று இருப்பதில்லை. நேற்று 40 மொட்டு, இன்று 70, ஓர் இலைக்கடியில் நாம் பார்க்காமல் விட்ட பிஞ்சு. சலிக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம், ஆய்வகத்தில் யாரும் என் கொல்லையை அளக்கவில்லை.

நன்றி உணர்வுக்கும் சோதனை உண்டு. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2003-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு, வாரம் ஒருமுறை, நன்றி சொல்லத் தோன்றுகிற ஐந்து விஷயம் வரை எழுத வேண்டும். இன்னொரு குழு எரிச்சல்களை எழுதியது, மூன்றாவது சும்மா நடந்ததை. 10 வாரம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கை பற்றி நல்லவிதமாக நினைத்தார்கள், உடற்பயிற்சிகூடக் கூடுதலாகச் செய்திருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நானும் ஒரு நோட்டு வாங்கினேன். முதலில் 'செடிகள்', 'இயற்கை' என்று பொதுவாகத்தான் எழுத வந்தது, எழுதும்போது மனதில் ஒன்றும் அசையவில்லை. கத்தரியின் கதை தெரிந்த பிறகு எழுதுவதே மாறிவிட்டது. யார் என்ன வேலை செய்தார்கள் என்று தெரிந்தால்தானே நன்றி சொல்ல முகவரி கிடைக்கும். இந்த வாரம் எழுதியது: மாசியில் இலை கொட்டிய வேம்பு. கவாத்து பண்ணச் சொன்ன பாட்டி. வாளித் தண்ணீரில் மணத்த பாக்டீரியா. முருங்கைக் கிளைத் துளைக்காரர்.

ஐந்தாவதை நாளைக்கு என்று விட்டு வைத்திருக்கிறேன். சுவரோரம் மூன்றாவது செடியில், சூல்தண்டு நீட்டிக்கொண்டிருந்த ஒரு பூ இதழ் வாடி நான்கு நாளாகியும் உதிரவில்லை. காம்பைத் தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது, புல்லி வட்டத்துக்குள்ளே மிளகளவு ஊதாவாக ஏதோ பளபளக்கிறது.