இரண்டு பேர் போகும் படகில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்

பழைய பாய்மரப் படகை வாங்க நினைப்பவர்களுக்காக அதைச் சோதித்து அறிக்கை கொடுப்பது என் வேலை. நெடுங்கடல் பயணத்துக்கென்று என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் கணவன் மனைவியாகத்தான் வருகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்தாயிற்று, வேலையை விட்டாயிற்று, இரண்டு மூன்று வருடம் கடலில் இருந்துவிட்டு வரலாம் என்பார்கள். நல்ல ஆசை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடமாட்டேன்: ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று ஏறும்போது உங்களில் யார் விழித்திருப்பீர்கள்?

ஆப்பிரிக்கக் கரைக்கு அருகிலுள்ள கேனரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியன் தீவுகளுக்கு ஏறக்குறைய 2,700 கடல் மைல். நாற்பது அடிக்குள் உள்ள படகு ஒரு நாளைக்கு 130 கடல் மைல் போனால் அது நல்ல ஓட்டம். அப்படிப் போனாலும் மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ முறை வைத்து ஒருவர் காவல் இருப்பார், மற்றவர் தூங்குவார். இருவரும் சேர்ந்து படகு ஓட்டுவது கிளம்பும்போதும் கரை சேரும்போதும்தான். ஆகவே இருவருமே தனியாக ஓட்டத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். படகும் அதற்குத் தோதாக இருக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி 45 அடிப் படகொன்றைக் காட்டினார்கள். உள்ளே விசாலம், இரண்டு குளியலறை, பெரிய சமையலிடம். கணவருக்கு இருபது வருட அனுபவம். மனைவி கூடப் போய் வந்தவர், அவ்வளவுதான். அவரிடம் நான் மூன்று வேலை சொன்னேன். பெரிய பாயைத் தனியாகப் பாதிக்குச் சுருக்க வேண்டும், நங்கூரத்தை மோட்டார் இல்லாமல் கையால் ஏற்ற வேண்டும், எஞ்சினுக்குக் கடல்நீர் வரும் வால்வை மூட வேண்டும். கடைசி வேலையைத்தான் எளிது என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்த வால்வு எஞ்சினுக்கு அடியில், குப்புறப் படுத்துக் கையை முழுக்க நீட்டினால்தான் எட்டும் இடத்தில் இருந்தது. அவர் படுத்தார், எட்டிப் பிடித்தார், இழுத்தார். கைப்பிடி அசையவில்லை. பச்சை பூத்து இறுகிப்போயிருந்தது. "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்" என்றார் கணவர்.

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். பார்த்துக்கொள்கிறவருக்கே விலா எலும்பு முறிந்தால்? சிறுநீரகக் கல் வலியில் சுருண்டு கிடந்தால்? நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலக் குழாய் பிய்ந்துபோனால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். அந்த நேரத்தில் வால்வைத் திருப்புகிற கை யாருடையதாகவும் இருக்கலாம்.

பெரிய படகு பத்திரமானது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அலையில் அது ஆடுவது குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதே வடிவத்தில் நீளத்தைக் கால்பங்கு கூட்டினால் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். பாய், கயிறு, நங்கூரம் எல்லாமே கூடவே கனக்கும். கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்சார வின்ச் ஓடும்வரை அந்தக் கனம் தெரியாது; அது நின்ற அன்று தெரியும். என் கருத்தைக் கேட்டால், இருவரில் பலம் குறைந்தவர் மின்சாரம் இல்லாமல் கையாளக்கூடிய படகுதான் சரியான அளவு.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத இடங்கள். ஐரோப்பியத் தரத்தில் 'ஏ' பிரிவு என்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8-க்கு மேற்பட்ட காற்றுக்கும் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட அலைக்கும் வடிவமைத்தது என்று அதற்குப் பொருள். கட்டியபோது இருந்த நிலை அது. இருபது வருடத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்பதைத் தகடு சொல்லாது. நான் பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியலோடு தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இடத்தில் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே நீர் இறங்கி மரம் ஊறிப்போன இடத்தில் 'தொப்' என்று அமுங்கும். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் படகின் உடலோடு சேரும் எஃகுப் பட்டைகளைக் கழற்றியே பார்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக்குக் காற்றுப் பட வேண்டும். தளத்துக்குள் ஈரத்தில் புதைந்த பகுதியில் காற்று படாமல் அது ரகசியமாக அரிக்கும், வெளியே தெரியும் பகுதி பளபளவென்றே இருக்கும்.

அப்புறம் கீல், படகின் அடியில் தொங்கும் எடைக்கட்டை. இந்தப் படகு எப்போதாவது தரை தட்டியிருக்கிறதா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். 2014 மே மாதம் 'சீக்கி ரஃபிக்கி' என்ற படகு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. அதில் இருந்த நால்வரும் திரும்பவில்லை. முன்பு தரை தட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து அடிப்பகுதியைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அறிக்கை சொன்னது. தரைப்பலகையைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசலோ துருக்கோடோ இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், கடைக்காரர்களே நிறையச் சொல்வார்கள். காற்றைக் கொண்டே சுக்கானைத் திருப்பும் விண்ட்வேன் கருவி மின்சாரம் கேட்காது. இருவர் மட்டும் போகும் படகில் அது மூன்றாவது ஆள். உப்புநீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தாலும், அது பழுதானால் கரை சேரும்வரை குடிக்கத் தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும். செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவியை வாங்கினால் மட்டும் போதாது, உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும். பதிவில் கரையில் இருக்கும் உறவினரின் தொலைபேசி எண் இருந்தால்தான் மீட்புக்குழு யாரையாவது கூப்பிட்டு விசாரிக்க முடியும். உடம்புக்கு முடியாமல் போனால், ரோமில் 1935-லிருந்து இயங்கும் 'சிர்ம்' என்ற மருத்துவ மையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக ஆலோசனை தருகிறது. எப்படித் தொடர்புகொள்வது என்பதைக் கிளம்புமுன் எழுதி ஒட்டிவையுங்கள்.

உயிர்காப்பு மிதவை கட்டாயம் வேண்டும். ஆனால் அவசரப்பட்டு அதற்குள் போகக் கூடாது. 1979-இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் அடித்த புயலில் 24 படகுகளைக் கைவிட்டார்கள். அவற்றில் 19 படகுகள் பிறகு மிதந்தபடியே கிடைத்தன. அந்தப் புயலில் இறந்த 15 போட்டியாளர்களில் சிலர் மிதவைக்கு மாறிய பிறகே இறந்தார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது ஒருவர் தவறி விழுவதுதான். இருவரில் ஒருவர் விழுந்தால், மற்றவர் விழித்து வெளியே வரும்போது கடலில் யாரும் தெரியாமல் போகலாம். ஐந்து நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல், போகும் படகு பத்து நிமிடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டிவிடும். ஆகவே இரவில் மேலே வரும்போது, படியில் நிற்கும்போதே மார்புப் பட்டையின் கயிற்றைக் கொக்கியில் மாட்ட வேண்டும். கடல் அமைதியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. மற்றவரை எழுப்பாமல் பின்தளத்தை விட்டு முன்னால் போகக் கூடாது. இந்த இரண்டையும் கிளம்புமுன்பே ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

அந்தத் தம்பதி 45 அடியை விட்டுவிட்டு 36 அடிப் படகு வாங்கினார்கள். உடனே கிளம்பவில்லை. ஒரு முழுப் பருவம் கரையோரமாகவே, இரண்டு ராத்திரி மூன்று ராத்திரி என்று ஓட்டினார்கள். பாதி நாள்களில் மனைவிதான் தலைவர். அவர் கூப்பிடாமல் கணவர் கயிற்றைத் தொடக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள். முதலில் பாயைச் சுருக்க மனைவிக்குப் பதினொரு நிமிடம் ஆனது, பருவம் முடியும்போது நான்கு. கிளம்புவதற்கு முந்தைய வாரம் கடைசிச் சோதனைக்குப் போனேன். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளைக்கேற்ற மரத்தக்கை கயிற்றில் தொங்கியது. மூடும் திசைக்குச் சிவப்புப் பெயின்டில் மனைவி அம்புக்குறி போட்டிருந்தார். ஏழு வால்வுகளையும் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் தடவியே ஒவ்வொன்றாக மூடிக் காட்டினார்.