தேனீக் குடி பிரிப்பு: எல்லாம் வயதுக் கணக்கு

பெட்டி நிறையத் தேனீக்கள், அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களின் ஓரம்வரை புழுக்கள், அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும், புது ராணி வளரும் ராணி அறைகள். இந்த நிலையில் ஒரு குடியை அப்படியே விட்டால், பழைய ராணி கூட்டத்தில் பாதிக்கும் மேல் சேர்த்துக்கொண்டு பறந்துவிடும். அதற்கு முன்பே நாம் பிரித்துவிட்டால் கூட்டமும் தங்கும், ஒரு பெட்டி இரண்டும் ஆகும். பிரிக்கிற வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பிரித்த பிறகு நடப்பதுதான் சுவாரஸ்யம். அதெல்லாம் வயதுக் கணக்கு.

இருப்பது ஒரே ராணி. ஆகவே ஒரு பாதி ராணியில்லாமல் நிற்கும். ராணியின் உடலில் சுரக்கும் வாசனைப் பொருள் ஒன்று, தொட்டும் நக்கியும் தேனீக்குத் தேனீ கைமாறிக்கொண்டே இருக்கிறது. அது நின்ற சில மணி நேரத்திலேயே பெட்டிக்குள் பரபரப்பு தெரியும். அப்புறம் பணித் தேனீக்கள் சில இளம்புழுக்களைத் தேர்ந்து, அவற்றின் அறைகளை அகலமாக்கிக் கீழ்நோக்கி நீட்டிக் கட்டத் தொடங்கும். பணித் தேனீயாக வளரவேண்டிய புழுக்கள்தான் அவை. கருவுற்ற முட்டை எதுவும் ராணியாகலாம், தீர்மானிப்பது சாப்பாடு. பணித் தேனீப் புழுவுக்கு முதல் மூன்று நாள், இளம் பணித் தேனீக்கள் சுரக்கும் கூழ் கிடைக்கும், பிறகு தேனும் மகரந்தமும் கலந்த உணவு. ராணிப் புழுவுக்கோ கடைசிவரை அரசக்கூழ்தான், அதுவும் மிதக்கும் அளவுக்கு.

இதனால்தான் ராணியில்லாத பாதிக்குக் கொடுக்கும் சட்டத்தில் முட்டைகளும் பொரித்து ஒரு நாள் ஆன புழுக்களும் இருக்கவேண்டும். வயது கூடிய புழுவிலிருந்து வரும் ராணி சிறுத்துப்போகும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, சட்டத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் அறையின் அடியில் முட்டை தெரியும். புதிய முட்டை செங்குத்தாக நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும். இந்த ஒன்றைப் பார்க்கப் பழகாதவர் குடி பிரிக்க அவசரப்படவேண்டாம் என்பேன்.

அடுத்தது பணித் தேனீயின் வயது. ஏறக்குறைய மூன்று வாரம் ஆன பிறகுதான் அது வெளியே உணவு தேடப் போகும். போனால் பழகிய இடத்துக்கே திரும்பும். ராணியில்லாத பாதி இருக்கும் புதுப் பெட்டியைப் பத்தடி தள்ளி வைத்தால் வெளியே போகும் தேனீக்களெல்லாம் பழைய பெட்டிக்குப் போய்விடும், புழுக்களைச் சூடாக வைத்திருக்கக்கூட ஆள் போதாது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோவது ஒரு வழி. அங்கேயே வைப்பதென்றால், புழு அடைகளை மொய்த்திருக்கும் இளம் தேனீக்களை இன்னும் இரண்டு சட்டத்திலிருந்து உதறிச் சேர்க்கலாம். இளசுகள் நகராது. பிரிக்கும்போது ராணி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உதறினால் சரி. புதுப் பெட்டியின் வாசலையும் சிறிதாக்கவேண்டும், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துத் தேனீக்கள் தேனைக் கொள்ளையடிக்கும்.

ஆண் தேனீயின் வயதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இத்தாலியத் தேனீயில் முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாள், பணித் தேனீக்கு 21, ஆண் தேனீக்கு 24. ஒரு நாள் வயதுப் புழுவை எடுத்து வளர்த்தால் பிரித்த 12ஆம் நாள் வாக்கில் புது ராணி வெளியே வரும். மற்ற ராணி அறைகளின் பக்கவாட்டில் துளைபோட்டு உள்ளே இருக்கும் போட்டியாளர்களைக் கொட்டிக் கொல்லும். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து வானில் பறந்து, பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுடன் இணையும். அந்த நாளில் ஆண் தேனீ அறையைவிட்டு வெளிவந்து இரண்டு வாரம் ஆகியிருந்தால்தான் பயன். பிரிக்கும் நாளன்று ஓர் ஆண் கூட்டுப்புழு அறையைத் திறந்து பாருங்கள். கண் ஊதா நிறத்துக்கு வந்திருந்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். கண் வெள்ளையாக இருந்தால் ஒரு வாரம் பொறுக்கலாம்.

பிரித்து நான்கு வாரம் ஆகியும் முட்டை தென்படவில்லையா? ராணி பறக்கப்போன இடத்தில் பறவைக்கு இரையாகியிருக்கலாம். முட்டையிடாமல் உள்ளேயே திரிந்துகொண்டும் இருக்கலாம். ராணியைத் தேடி அலைவதைவிட, பழைய பெட்டியிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றைக் கொடுத்து நான்கு நாள் கழித்துப் பார்ப்பது மேல். அதில் ராணி அறை கட்டியிருந்தால் பெட்டியில் ராணி இல்லை. கட்டாமல் புழுக்களை வழக்கம்போல வளர்த்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் ராணி உள்ளே இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் பெட்டியைத் தொடாமல் விடலாம்.