அண்டர்ஸ்டியர்: திருப்பியவர் யார், திரும்பாதது எது?

மொனாக்கோ கார் பந்தயத் தடத்தின் ஆறாவது வளைவு ஒரு கொண்டை ஊசி வளைவு. ஃபார்முலா ஒன் தடங்களிலேயே மிக மெதுவான வளைவு அதுதான். மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் கார்கள் ஊர்ந்து திரும்பும். அந்த ஒரு வளைவுக்காகவே முன்சக்கரங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திரும்பும்படி அணிகள் காரை மாற்றியமைக்கின்றன. அங்கே ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள கேமராக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். கைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வரும் அளவுக்கு ஸ்டியரிங்கை ஒடித்திருப்பார். முன்சக்கரங்கள் முழுக்கத் திரும்பி நிற்கும். ஆனால் காரின் மூக்கு மட்டும் வெளிப்பக்கத் தடுப்பை நோக்கியே போய்க்கொண்டிருக்கும். அதுதான் அண்டர்ஸ்டியர்.

இதற்கு நேர் எதிர் ஓவர்ஸ்டியர். பின்சக்கரங்கள் பிடிப்பை விட்டு வெளியே வாரிவிடும். ஓட்டுநர் கேட்டதைவிட அதிகமாகக் கார் திரும்பிவிடும். உடனே சமாளிக்காவிட்டால் தட்டாமாலைதான்.

ஸ்டியர் என்ற வேர்ச்சொல் கடலிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது கப்பலைச் செலுத்துவதைக் குறித்தது. கப்பலின் வலப்பக்கத்தை ஸ்டார்போர்டு என்கிறார்களே, அதிலும் இதே வேர்தான் ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம்தான் இருந்தது. நம்மிடமும் இதற்கு ஒரு கடற்சொல் உண்டு: சுக்கான். அரபு மாலுமிகளின் சொல், நம் துறைமுகங்களில் நிலைத்துவிட்டது.

அண்டர், ஓவர் என்ற முன்னொட்டுகளோடு இது கார்ப் பொறியியலுக்குள் வந்தது 1930களில். மாரிஸ் ஆலி என்ற பொறியாளரின் பெயரோடு சேர்த்துத்தான் இந்த இரட்டைச் சொற்களின் பிறப்பைச் சொல்வார்கள். ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு, 1930இல் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் பிரிவுக்குப் போனவர் அவர். முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷனை அங்கே உருவாக்கியவர்களில் முக்கியமானவர். சரி, அவர் அளக்க நினைத்தது எதை?

டயர் ரப்பரால் ஆனது, நெளியும். வளைவில் போகும்போது டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. சில பாகை விலகியிருக்கும். இந்த விலகலைத் தமிழில் நழுவுகோணம் எனலாம். வழுக்கு என்றால் தரையின் குணம் முன்னே வந்து நிற்கிறது. நழுவு என்றால் பிடி தளர்வது. இங்கே பேச்சே பிடிப்பைப் பற்றித்தான் என்பதால் நழுவு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. முன்டயர்களின் நழுவுகோணம் பின்டயர்களுடையதைவிடப் பெரிதானால் அண்டர்ஸ்டியர், பின்டயர்களுடையது பெரிதானால் ஓவர்ஸ்டியர். இரண்டுமே ஓட்டுநர் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தார் என்பதை அளப்பதில்லை. அந்தத் திருப்பலுக்குக் கார் எவ்வளவு இணங்கியது என்பதையே அளக்கின்றன.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்டியர் என்பது ஓட்டுநர் செய்யும் வேலை. அதனால் அண்டர்ஸ்டியர் என்று முதன்முதலில் கேட்பவர், ஓட்டுநர் குறைவாகத் திருப்பிவிட்டார் என்றே புரிந்துகொள்கிறார். பழி வேறு ஆளிடம் போய்விடுகிறது.

ஃபார்முலா ஒன்னில் ஓர் அணிக்கு இரண்டு ஓட்டுநர்கள். ரெட்புல் அணியில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு அடுத்த அந்த இரண்டாவது இருக்கையைப் பற்றி ரசிகர்கள் ஓயாமல் வாதம் நடத்துவார்கள். 2019இல் பியர் காஸ்லி பாதிப் பருவத்தில் இறக்கப்பட்டார். அலெக்ஸ் ஆல்பன் 2020 முடிவோடு இடம் இழந்தார். செர்ஜியோ பெரெஸ் 2024 வரை தாக்குப்பிடித்தார். 2025இல் லியாம் லாசனுக்குக் கிடைத்தவை வெறும் 2 பந்தயங்கள். இத்தனை பேரும் திறமை இல்லாதவர்களா? மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குக் காரின் மூக்கு சட்டென்று உள்ளே பாய வேண்டும். பின்பக்கம் தளர்ந்தால் அவர் கைகளே பார்த்துக்கொள்ளும். ஆல்பன் இதற்கு ஓர் அருமையான உவமை சொன்னார்: கணினியில் மவுஸின் உணர்திறனை உச்சத்துக்கு ஏற்றிவைத்தால், லேசாக அசைத்தாலே அம்புக்குறி திரையின் குறுக்கே பாயுமே, அப்படிப்பட்ட கார் அது. 2022இன் தொடக்கத்தில் ரெட்புல் கார் எடை கூடி, மூக்கு மந்தமாக இருந்தது. அப்போது பெரெஸ் வெர்ஸ்டாப்பனுக்கு நெருக்கமாக ஓட்டினார், மொனாக்கோவில் வென்றார். கார் மெலிந்து மூக்கு கூர்மையானதும் இடைவெளி விரிந்தது. ஒரே ஓட்டுநர், அதே பருவம். மாறியது காரின் குணம். திறமையை எடைபோடும்போது இதை விட்டுவிடுவது அநியாயம் என்பது என் கருத்து.

அப்புறம், தமிழ்ச் சொல். அண்டர் என்பதைக் கீழ் என்று பெயர்த்தால் பொருளே கெட்டுவிடும். இங்கே அளவுதான் முக்கியம். குறை, மிகை என்ற இணை நம்மிடம் தயாராக இருக்கிறது: குறைமதிப்பீடு, மிகைமதிப்பீடு. சிலர் குறைதிருப்பம், மிகைதிருப்பம் என்று எழுதக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருப்பம் என்றால் சாலை வளைவும்தான். அதைவிடப் பெரிய காரணம் இலக்கணத்தில் இருக்கிறது.

திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், கார் திரும்புகிறது. ஆங்கிலச் சொல் குழப்பும் இடத்தை நம் மொழி ஒரு மெல்லெழுத்தாலும் ஒரு வல்லெழுத்தாலும் பிரித்துவைத்திருக்கிறது! ஆகவே அண்டர்ஸ்டியருக்குக் குறைத்திரும்பல், ஓவர்ஸ்டியருக்கு மிகைத்திரும்பல். குறைக்கடத்தி என்பதில் க் மிகுவதுபோல இங்கே த் மிகும். “குறைத்திரும்பல் இருக்கிறது, முன்இறக்கையைக் கொஞ்சம் ஏற்றுங்கள்” என்று ஓட்டுநர் வானொலியில் சொன்னால், அது காரைப் பற்றிய புகார் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். டயர் மாற்ற நிற்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளில், மூக்கிலுள்ள அந்த இறக்கையின் இரு பக்கமும் ஆட்கள் கருவியைச் செருகித் திருகுகிறார்களே, அது இந்தப் புகாருக்கான வைத்தியம்தான்.

பேச்சுக்கு இன்னும் எளிதாக வேண்டுமென்றால், மூக்கு திரும்பவில்லை, பின்பக்கம் வாருது என்றே சொல்லலாம். அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயக்காரர்களும் குறைத்திரும்பலுக்கு டைட், மிகைத்திரும்பலுக்கு லூஸ் என்று இரண்டே சொற்களில் முடித்துக்கொள்கிறார்கள்.

பிறவினைக்கும் ஓர் இடம் உண்டு. 2016 பிரேசில் பந்தயத்தில், கொட்டும் மழையில், நேர்பாதைக்கு ஏறும் இடத்தில் வெர்ஸ்டாப்பனின் கார் பக்கவாட்டில் திரும்பித் தடுப்பை நோக்கிச் சறுக்கியது. சறுக்கும் போக்கிலேயே எதிர்ப்பக்கம் ஒடித்து, தடுப்பைத் தொடாமல் மீட்டு, 3ஆம் இடத்தில் முடித்தார். கார் செய்தது மிகைத்திரும்பல். அவர் செய்தது எதிர்த்திருப்பல்.