சிமிட் ஏன் ரஸ்க் ஆனது?

முதல் முறை எட்டு சிமிட் சுட்டேன். எட்டும் ரஸ்க் ஆகிவிட்டன. கடித்தால் டக்கென்று உடைந்தன. நிறம் மங்கல். ஒட்டிய எள்ளில் பாதி தட்டில் உதிர்ந்து கருகிக் கிடந்தது. டீயில் நனைத்துத் தின்று தீர்த்தோம், அது வேறு கதை. நான் எடை பார்த்துத்தான் மாவு எடுத்தேன், நேரம் பார்த்துத்தான் சுட்டேன். பிறகு எங்கே தவறியது?

சிமிட் என்பது துருக்கியின் தெருக்களில் விற்கும் எள் ஒட்டிய ரொட்டி வளையம். இஸ்தான்புல்லில் இது பழைய சரக்கு. 1593ஆம் ஆண்டின் உஸ்குதார் நீதிமன்றப் பதிவேட்டிலேயே இதன் எடையும் விலையும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. 1630களில் நகரில் 70 சிமிட் அடுமனைகள் இருந்ததாகப் பயணி எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார். இன்றும் தள்ளுவண்டியிலும் தலைச்சுமைத் தட்டிலும் விற்கிறார்கள். வாங்கிக்கொண்டு படகில் ஏறுபவர்கள் பாதியைத் தாம் தின்று, மீதியைக் கடற்காகங்களுக்கு வீசுகிறார்கள். இஸ்மிர் நகரில் இதற்குப் பெயரே வேறு: ‘கெவ்ரெக்’. மொறுமொறுப்பானது என்று பொருள்.

மொறுமொறுப்பு என்றால் வெளியே மட்டும். உள்ளே பஞ்சுபோல இருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். ரொட்டியின் மேல்தோல் சிவக்க வேண்டுமானால் அங்கே தண்ணீர் வற்றியாக வேண்டும். ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, சிவப்பதோ 140 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக நடக்கும். ஆனால் தோல் சிவக்கக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஆக, அடுப்புக்குள் ஒரு பந்தயம். நிறம் முந்தினால் சிமிட். உலர்தல் முந்தினால் ரஸ்க். நான் நிறத்துக்காகக் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் காத்திருந்தேன், அவ்வளவுதான் நடந்தது.

இஸ்தான்புல்காரர்கள் இந்தப் பந்தயத்தில் எப்படி ஜெயிக்கிறார்கள்?

முதலில் வடிவம். சுட்ட சிமிட் ஒன்றின் பருமனளவு சுமார் 250 கன சென்டிமீட்டர், அதன் கயிற்றின் குறுக்களவு 3 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். கயிற்றின் நீளம் 35 செ.மீ வரும், மேற்பரப்பு 330 சதுர சென்டிமீட்டரை ஒட்டி வரும். அதே அளவை உருண்டை பன்னாகச் சுட்டால் மேற்பரப்பு 190தான். ஒன்றே முக்கால் மடங்கு அதிகத் தோல், அதே மாவில்! இன்னொரு ஆதாயமும் உண்டு. வெப்பம் வளையத்தின் நடுவைத் தொட ஒன்றரை சென்டிமீட்டர் போனால் போதும், உருண்டையிலோ ஏறக்குறைய நான்கு. மாவுக்குள் வெப்பம் ஊடுருவ ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. அதனால் மெல்லிய வளையம் சட்டென்று வெந்துவிடுகிறது, கடும் சூட்டில் குறைந்த நேரம் வைத்து எடுத்துவிடலாம். இரண்டு இழைகளை முறுக்கிச் செய்வதும் அழகுக்கு மட்டுமல்ல. முறுக்கின் மேடுகள் முதலில் சிவக்கின்றன, பள்ளங்கள் எள்ளைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன.

அடுத்தது பெக்மெஸ். என் தோல்வியின் வேர் இங்கேதான் இருந்தது.

பெக்மெஸ் என்பது திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகு. சாற்றில் முதலில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஒரு வெள்ளை மண்ணைக் கலக்குவார்கள். திராட்சையின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம் அந்த மண்ணிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து உப்பாகி அடியில் படிந்துவிடும். தெளிந்ததை வடித்துக் காய்ச்சுவார்கள். (நம் ஊரில் பதநீர்ப் பானைக்குச் சுண்ணாம்பு தடவுவது நினைவுக்கு வரலாம். அது புளிக்காமல் தடுப்பதற்கு, இது இருக்கும் புளிப்பை எடுப்பதற்கு.) உருட்டிய வளையங்களை, தண்ணீர் கலந்த இந்தப் பாகில் முக்கி, எள்ளில் புரட்டி அடுப்பில் வைப்பதுதான் சிமிட் முறை.

பெக்மெஸ் கிடைக்கவில்லை என்று நான் வெல்லப்பாகில் முக்கினேன். அதுவும் பழுப்பு, இதுவும் பழுப்பு, அதுவும் இனிப்பு, இதுவும் இனிப்பு என்ற கணக்கு. ஆனால் ரொட்டியைச் சிவக்கவைப்பது பாகின் நிறம் அல்ல. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெய்லார்ட் விவரித்த வினை அது. புரதத்தின் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் கைகோத்து, நூற்றுக்கணக்கான புதுப் பொருள்களாக மாறுகின்றன. நிறமும் வாசமும் அவற்றிலிருந்து வருபவைதான். இதற்குச் சர்க்கரையின் ஒரு முனை சும்மா இருக்க வேண்டும். குளுக்கோஸும் பிரக்டோஸும் அப்படிப்பட்டவை, பாடநூல் இவற்றை ஒடுக்கும் சர்க்கரைகள் என்கிறது. திராட்சைச் சர்க்கரை முழுக்க இந்த இரண்டும்தான். வெல்லமோ பெரும்பாலும் சுக்ரோஸ். சுக்ரோஸிலும் இருப்பவை குளுக்கோஸும் பிரக்டோஸும்தான், ஆனால் இரண்டின் கைகளும் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. புரதத்தைப் பிடிக்கக் கை காலியில்லை. கருப்பட்டியிலும் இதே கதைதான்.

தீர்வு கடையிலேயே இருந்தது: பேரீச்சம்பழ சிரப். அதன் இனிப்பில் பெரும்பகுதி குளுக்கோஸும் பிரக்டோஸும். இரண்டாம் முறை அதில் முக்கினேன், அதே அடுப்பு, அதே சூடு, பதினெட்டாவது நிமிடத்தில் செம்பழுப்பு. வெல்லத்தையே பயன்படுத்த வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் ஒரு வழி உண்டு. எலுமிச்சைச் சாறு சேர்த்து இருபது நிமிடம் காய்ச்சுங்கள், அமிலம் சுக்ரோஸில் ஒரு பகுதியைப் பிரித்துவிடும். ஆனால் புளிப்பு மெய்லார்ட் வினையை மந்தப்படுத்தும், அதனால் இறக்கியபின் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு அதை முறிக்க வேண்டும். பெக்மெஸ்காரர்கள் வெள்ளை மண்ணால் செய்வதை நாம் சோடாவால் செய்கிறோம். என்னைக் கேட்டால், சிரப் வாங்குவது எளிது.

எள் உதிர்ந்தது ஏன்? பாகு நீர்த்திருந்தது, முக்கியபின் வளையங்களை மின்விசிறிக்குக் கீழே காயவும் விட்டிருந்தேன். துருக்கி வீடுகளில் பலர் பாகுநீரில் ஒரு கரண்டி மாவைக் கரைத்துக்கொள்வதுண்டு. அடுப்பில் அந்த மாவின் ஸ்டார்ச் ஈரத்தை உறிஞ்சி வீங்கி, பசையாகிக் காய்ந்து, எள்ளைப் பிடித்துக்கொள்கிறது. போஸ்டர் ஒட்டும் மைதாப்பசை வேலை செய்வதும் இப்படித்தான்.

எள்ளின் எடையில் பாதி எண்ணெய். வறுக்கும்போது அதன் புரதமும் சர்க்கரையும் தங்களுக்குள் ஒரு தனி மெய்லார்ட் கச்சேரி நடத்துகின்றன. அப்போது பிறக்கும் வாசப் பொருள்களில் ஒன்று 2-அசிட்டைல்-1-பைரோலின். பாஸ்மதி அரிசியிலும் ரம்பை இலையிலும் சூடான ரொட்டித் தோலிலும் மணப்பது இதே பொருள்தான். வீட்டு அடுப்பின் சூட்டில் எள் முழுதாக வறுபடாது, அதனால் முன்பே வெறும் வாணலியில் வாசம் கிளம்பும்வரை மட்டும் வறுத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் அடுப்பில் கசந்துவிடும்.

இனி அடுப்பு. சிமிட் அடுமனைகளின் கல் அடுப்பு 300 டிகிரியை ஒட்டி எரியும். என் ஓடிஜி (வீட்டு மின் அடுப்பு) 230க்கு மேல் மூச்சு வாங்கும். எழுபது டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் சூடான சுவர் வீசும் கதிர்வீச்சு, கெல்வின் வெப்பநிலையின் (செல்சியஸோடு 273 கூட்டியது) நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது. கணக்குப் போட்டால் 300 டிகிரி சுவர், 230 டிகிரி சுவரைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு வீசுகிறது. மேலிருந்து வரும் இந்தக் குறையை முழுதாக ஈடுகட்ட முடியாது. கீழிருந்து முடியும், இரும்பு தோசைக்கல் இருந்தால். கைப்பிடி இல்லாத கனமான கல்லை உள்ளே வைத்து நாற்பது நிமிடம் சூடேற்றுங்கள். ஒரே சூட்டில் இருந்தாலும் மரக்கரண்டியைவிட இரும்புக் கரண்டி கையைச் சுடுவது ஏன்? இரும்பு தன் வெப்பத்தைப் பன்மடங்கு வேகமாகக் கைமாற்றுகிறது. அடுப்புச் செங்கல்லோடு ஒப்பிட்டாலும் அப்படித்தான். அதனால் 230 டிகிரி இரும்பு, அதைவிடச் சூடான கல் தரையின் வேலையைச் செய்துவிடும். நடுவே ஒரு பேக்கிங் பேப்பர் அவசியம், இல்லையென்றால் பாகு கல்லில் ஒட்டிக் கருகும்.

அளவுகள்: மைதா 500 கிராம், தண்ணீர் 270 மில்லி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். நம் வெயிலில் அதற்கு மேல் ஈஸ்ட் வேண்டாம். மாவு கெட்டியாகத்தான் இருக்கும், பயந்து தண்ணீர் சேர்க்காதீர்கள். தளர்ந்த மாவில் முறுக்கு நிற்காது. பத்து நிமிடம் பிசைந்து, இரட்டிப்பாகும்வரை மூடிவைத்து, எட்டாகப் பிரியுங்கள். உருட்டும்போது இழை ரப்பர் மாதிரி சுருங்கினால் மல்லுக்கட்ட வேண்டாம். பரோட்டா மாவை ஊறவிடுவதுபோல் பத்து நிமிடம் விட்டால் மாவின் புரத வலையான குளூட்டன் தளர்ந்து கொடுக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு இழைகளாக உருட்டி முறுக்கி வளையமாக்கி, சிரப்பும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு கரண்டி மைதா கரைத்த நீரில் முக்கி, உடனே எள்ளில் அழுத்துங்கள். கால் மணி நேரம் மட்டும் உப்பவிட்டு அடுப்பில் வையுங்கள். நேரம் கூடினால் வளையத்தின் ஓட்டை மூடிக்கொள்ளும். பதினாறிலிருந்து இருபது நிமிடம்.

சுட்ட சிமிட்டுக்கு ஆயுள் சில மணி நேரம்தான். உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளித்தோலுக்கு நகர, கண்ணாடிபோல் விறைத்திருந்த தோல் தோல்வாராகிவிடுகிறது. அப்பளம் நமத்துப் போவதும் இதேதான், அங்கே ஈரம் வெளியிலிருந்து வருகிறது. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. உள்பக்கம் விறைப்பதற்குக் காரணம் வேறு. வெந்தபோது குலைந்த ஸ்டார்ச் மூலக்கூறுகள் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. இது மிக வேகமாக நடப்பது ஃபிரிட்ஜின் குளிரில்தான், அதனால் மிச்சத்தை அங்கே வைக்காதீர்கள். ஃப்ரீசரில் வைக்கலாம், அந்தக் குளிரில் மூலக்கூறுகள் நகரவே முடியாது. 60 டிகிரியைத் தாண்டினால் அந்த அடுக்கு குலைந்து மறுபடி மெத்தென்றாகும். எடுத்த சிமிட்டை அறைச்சூட்டுக்கு வரவிட்டு, சூடான ஓடிஜியில் நான்கு நிமிடம். அதற்குள் டீ போட்டுவிடலாம்.