அப்சலோனின் சக்கரம் ஏன் பெரிதானது?

2008-இல் பெய்ஜிங்கில் ஜூலியன் அப்சலோன் தன் இரண்டாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றது 26 அங்குலச் சக்கர மலை சைக்கிளில். 2014-இல் நார்வேயின் ஹாஃப்யெல்லில் ஐந்தாவது முறையாக உலக சாம்பியன் ஆனபோது, அவருக்குக் கீழே உருண்டது 29 அங்குலம். ஒரே ஆள், ஒரே விளையாட்டு. மூன்று அங்குலத்தில் அப்படி என்ன இருக்கிறது?

அப்சலோன் பிரான்சின் வோஷ் மலைப்பகுதிக்காரர், 1980-இல் பிறந்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் தங்கம் அவருக்குத்தான். சைக்கிள் என்றாலே டூர் தெ பிரான்ஸ் சாலைப் பந்தயம் என்று நினைக்கும் நாட்டில், காட்டுப் பாதையில் ஓட்டும் ஒருவர் இத்தனை பெயர் வாங்கியது சாதாரண விஷயமில்லை.

சரி, சக்கரத்துக்கு வருவோம். 10 செ.மீ. உயரமுள்ள ஒரு கல் வழியில் கிடக்கிறது. சக்கரம் அதன் விளிம்பில் முட்டி, அந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பி மேலே ஏற வேண்டும். சிறிய சக்கரம் கல்லைச் செங்குத்துச் சுவர் போலச் சந்திக்கிறது. பெரியது கொஞ்சம் சாய்வாகச் சந்திக்கிறது. முன் சக்கரத்தின் மேல் 30 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு, டயரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நின்ற நிலையிலிருந்து கல்லில் ஏற 26 அங்குலத்துக்கு முப்பதரைக் கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை வேண்டும். 29 அங்குலத்துக்கு 28 போதும். ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளிலும் இதே கதைதான்: மோதும் கோணம் சாய்வாக இருந்தால் இழக்கும் வேகம் குறைவு.

எட்டு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும் பந்தயத்தில் வேரும் கல்லும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் இழந்த வேகத்தைக் கால்தான் திரும்பச் சம்பாதிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் ஏன் முதலிலேயே மாறவில்லை? பெரிய சக்கரம் சுழலத் தொடங்கவே சிரமப்படும் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. அதில் பாதிதான் உண்மை. விளிம்பில் உள்ள ஒவ்வொரு கிராமும் முன்னேயும் நகர வேண்டும், சுழலவும் வேண்டும். அதனால் வேகமெடுக்கும்போது இரண்டு கிராம் போல நடந்துகொள்ளும். ஆனால் இது எடையைப் பொறுத்தது, விட்டத்தைப் பொறுத்ததல்ல. பெரிய சக்கரத்தில் கூடுதலாகச் சேரும் எடை மட்டுமே தண்டனை. ரிம்மும் டயரும் இலகுவாக ஆக, அந்தத் தண்டனையும் சுருங்கியது.

அப்சலோனின் பெரும் போட்டியாளரான சுவிட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டர் நடுவழியைப் பிடித்தார்: 27.5 அங்குலம். குள்ளமான ஓட்டுநருக்கு அதில் நியாயம் உண்டு. சக்கரம் பெரிதானால் ஹேண்டில்பாரும் மேலே போய்விடும், முன்பக்கம் குனிந்து எடை கொடுப்பது கடினம். 2012-இல் 27.5 அங்குலச் சக்கரத்தில் உலகக் கோப்பைத் தொடரின் பந்தயம் ஒன்றை வென்றும் காட்டினார். அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அப்சலோன் டயர் பஞ்சராகி விலகினார். தங்கம் போனது 29 அங்குலத்தில் வந்த செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவிக்கு. ஹாஃப்யெல்லில் அப்சலோன் முதல், ஷூர்ட்டர் இரண்டாவது. ஒரு பந்தயத்தை வைத்துச் சக்கரத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது, கால் வலுவும் அன்றைய உடல்நிலையும் அதைவிடப் பெரியவை. இருந்தாலும் அப்புறம் ஷூர்ட்டரும் 29-க்கு மாறிவிட்டார். அப்சலோனின் 33 உலகக் கோப்பை வெற்றிகள் என்ற சாதனையை 2023-இல் அவர் தாண்டியதும் அந்தச் சக்கரத்தில்தான்.