மின்னூல் வாங்கும் முன் மாணவரின் கைபேசியில் திறந்து பாருங்கள்

தேர்வுக்கு முந்தின நாள் மாலை. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எங்கள் கல்லூரி நூலக மேசைக்கு வந்து கைபேசியை நீட்டினார். "சார், படம் பாதிதான் தெரியுது." நாங்கள் பணம் கட்டி எடுத்த மின்னூல்தான். பிடிஎஃப் வடிவம். விரலால் விரித்தால் மின்சுற்றுப் படத்தின் எழுத்துகள் தெரிகின்றன, விளக்கம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. விளக்கத்துக்கு நகர்ந்தால் படம் மறைகிறது. கொஞ்ச நேரம் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து அதே நூலின் பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு போனார்.

நான் அந்த மின்னூலை அலுவலகக் கணினியின் பெரிய திரையில் பார்த்துத்தான் தேர்வு செய்திருந்தேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கைபேசிதான் கணினி. இபப் (EPUB) என்ற இன்னொரு மின்னூல் வடிவமாக இருந்தால் திரைக்கு ஏற்ப வரிகள் மடங்கிக்கொள்ளும். வரிகளாகவே ஓடும் நூலுக்கு அது போதும். சமன்பாடும் அட்டவணையும் நிறைந்த நூலுக்கு அதுவும் சிக்கல்தான்.

அடுத்து ஒப்பந்தம். அச்சு நூலை வாங்கினால் அது நம்முடையது. மின்னூலில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் படிக்கும் அனுமதி. ஒரே நேரத்தில் ஒருவர், மூவர், வரம்பில்லாமல் எல்லோரும் என்று அனுமதிக்கு ஏற்ப விலை மாறும். ஒருமுறை மலிவாக இருக்கிறதே என்று ஒருவருக்கான அனுமதியை எடுத்தோம். வகுப்பில் 60 பேர். ஆசிரியர் அதிலிருந்து ஒப்படைப்பு கொடுத்த வாரம் முழுக்க என் மேசைக்கு வந்த புகார் ஒன்றுதான்: "திறக்கவே மாட்டேங்குது சார்." அனுமதி நிரந்தரமா, ஆண்டுச் சந்தாவா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது. நூல்கள் போனது போனதுதான்.

நிர்வாகத்திடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, இன்னும் எதற்குப் புத்தகம்?" 2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டம் அரசு நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் தருகிறது. இளங்கலை மாணவர் தேடும் பாடநூல் அதில் வராது. இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பதும் நம் வேலைதான்.

மின்னூலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூலகங்களை இணைக்கும் மத்திய அரசு மையமான இன்ஃப்லிப்நெட், கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட் சேவை வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னூல்களை மாணவர் வீட்டிலிருந்தே தன் லாகினில் திறக்கலாம். காரக்பூர் ஐஐடி உருவாக்கிய தேசிய மின்னூலகத்தில் இலவசமாகவே பதிவு செய்துகொள்ளலாம். ஒரு வரையறை, ஒரு சூத்திரம், ஒரு அத்தியாயம் தேடுகிறவருக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் ஊன்றிப் படிப்பது வேறு. 54 ஆய்வுகளைத் தொகுத்து, 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் வாசிப்பை அலசி 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. தகவல் நூல்களைத் தாளில் படித்தவர்களுக்கே கூடுதலாகப் புரிந்தது, நேர நெருக்கடியில் வித்தியாசம் இன்னும் அதிகம் என்றது அது. தேர்வுக் காலம் என்றாலே நேர நெருக்கடிதானே! அதனால் பாடத்திட்டத்தின் முதன்மை நூல்களை அச்சிலும், மேல்வாசிப்பு நூல்களை மின்வடிவிலும் வாங்குகிறேன்.

பார்வையற்ற மாணவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள் திரைவாசிப்பான். அது படிக்கக்கூடிய மின்னூல் அவர்களுக்கு உயிர். தமிழ்வழி மாணவர்கள் இங்கேதான் ரொம்பவே அடிபடுகிறார்கள். ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கம் மென்பொருளுக்கு வெறும் படம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது காதுக்கு ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும். எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் யுனிகோடில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்: ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் சரி.

இப்போதெல்லாம், வாங்கும் முன் நூலைத் திறந்து பார்க்கச் சோதனை அனுமதி கிடைத்ததும் இரண்டு மாணவர்களைக் கூப்பிடுகிறேன். அவர்களில் ஒருவர் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர். படமோ அட்டவணையோ உள்ள பக்கம் ஒன்றை இருவரும் தங்கள் கைபேசியிலேயே திறந்து, அதிலிருந்து நான் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால்தான் கையெழுத்து.